இரு கன்னத்திலும் மச்சம்

படைத்தவன் செய்த வேலையை ஒரு குறையும் வைக்காமல் திருப்பிச் செய்யக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் உண்டு. அவன் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான், இணைய மன்றத்தில், தன் பெயருக்குக் கீழே, தடித்த எழுத்தில். கணினியில் முப்பரிமாண உருவம் செய்கிறவர்கள் தங்கள் கைவேலையைப் போட்டுக் காட்டி ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ளும் மன்றம் அது. அங்கே 'பிரம்மா' என்ற பெயரை யாரோ ஏற்கெனவே பிடித்து வைத்துக்கொண்டு, ஆறு வருடத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் வாளி செய்து போட்டிருந்தான். ஆகவே இவன் 'பிரம்மா 2' ஆனான். வீட்டில் இருந்த ஒரே ரசிகையான அக்கா அவனை 'ரெண்டாம் நம்பர்' என்று கூப்பிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அக்கா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து, செருப்பைக் காலாலேயே ஓரம் தள்ளி, முகம் கழுவித் துண்டால் துடைத்தபடி திரும்பியபோது, அவளுடைய இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது.

மச்சம் புதிதல்ல. கன்னம்தான் புதிது.

அக்காவின் மச்சம் வலது கன்னத்தில், மிளகு அளவில், ஒரு ஓரம் நசுங்கினாற்போல இருக்கும். பிறந்ததிலிருந்து அங்கேதான். இப்போதும் அங்கே இருந்தது. இடது கன்னத்தில் அதே உயரத்தில், அதே மிளகு, அதே நசுங்கல், எதிர்ப்பக்கம் பார்த்தபடி.

"என்னடா முறைக்கிற?"

"இல்ல, கன்னத்துல ஏதோ ஒட்டியிருக்கு."

அக்கா துண்டால் தேய்த்தாள். கண்ணாடியில் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். கன்னம் சிவந்தது, மச்சம் அசையவில்லை.

"வயசாகுதுடா. ஒவ்வொன்னும் ரெண்டாகும். உனக்கு மூளை மட்டும்தான் பொறந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கனத்த திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு மச்சமுள்ள அந்த முகத்தை அவன் முதல்முறையாகப் பார்க்கவில்லை. மூன்று நாளைக்கு முன்பு அதைச் செய்தவனே அவன்தான்.

பிழைப்புக்கு அவன் செய்தது பீரோ. கடைகளின் இணையதளத்துக்காகப் பீரோ, சோபா, கட்டில் ஆகியவற்றைக் கணினியில் செய்து பதினான்கு நிறத்தில் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை, வீட்டிலிருந்தபடியே. கலை என்று அவன் வைத்துக்கொண்டது முகம். போன சனிக்கிழமை மதியம் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, செல்போனைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கி, கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்று அறுபது படம் எடுத்தான். முகம், கழுத்து, போர்வைக்கு வெளியே கிடந்த கை, விரல், நகம். கேட்டுவிட்டு எடுக்கலாமே என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எந்த சோபாவிடமும் அவன் அனுமதி கேட்டதில்லை.

படங்களையெல்லாம் மென்பொருளில் போட்டால் அது தைத்துச் சேர்த்து உருவத்தை எழுப்பித் தரும். எழுப்பியது. அக்கா இடது பக்கம் சாய்ந்து தலையணையில் கன்னத்தைப் புதைத்துத் தூங்குகிறவள். அதனால் வலது பாதி அச்சாக வந்தது. இடது பாதி, அரைத்துக் கொட்டிய மாவு. இதற்கு இந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. கெட்டுப்போன பாதியை வெட்டி எறிந்துவிட்டு, நடுக்கோட்டில் ஒரு கண்ணாடி வைத்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு பக்கம் செய்வதெல்லாம் மறுபக்கமும் தானாக ஆகிவிடும். பாதி ஆளைச் செய்தால் போதும், மீதி ஆளைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். சோம்பேறிகளுக்காகவே கடவுள் கண்டுபிடிக்காமல் விட்ட வசதி.

மச்சமும் கண்ணாடியில் விழும் என்பதை அவன் கவனிக்கவில்லை.

மூடிய கண் இருந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எனவே இமைகளை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு உருண்டைகளை வைத்து, ஈரப் பளபளப்பு ஏற்றி, பார்க்கிறவர் எந்தப் பக்கம் போனாலும் அவரையே பார்க்கும்படி கட்டிவிட்டான். புது இமை செய்ய இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். 'இமை என்பது வேண்டாத எடை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டான். போர்வைக்குள் இருந்த உடலை உத்தேசமாகச் செய்து நிமிர்த்தி, மன்றத்து வழக்கப்படி இரண்டு கையையும் தோளுக்கு நேராக, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நீட்டி நிறுத்தினான். அப்படி நிறுத்தினால்தான் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே எலும்பு போட்டு ஆட்டி வைக்க வசதி. 'உறங்காதவள்' என்று தலைப்பு வைத்தான். 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம்' என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு. முடிந்தது.

முதல் கருத்து ஆறுவிரல் அம்மாவுடையது.

அந்தப் பெயரை வைத்ததும் அவன்தான். மன்றத்தின் பழைய ஆள் அந்த அம்மாள், அற்புதமான கை. ஆனால் எந்த மனித உருவத்தையும் கெடுக்காமல் வெளியே விடமாட்டாள். ஆறாவது விரல் ஒன்று, அல்லது ஒரு காது குறைவு, அல்லது முழங்கால் பின்பக்கம். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தில் ஒரு குழந்தையின் கை மட்டும் தெரியும். அதில் நாலே விரல்.

அவள் எழுதியிருந்தாள்: "தம்பி, அளவெல்லாம் அப்படியே அமைஞ்சிருக்கு. இது உயிரோட இருக்கற ஆள்னு தெரியுது. வெளிய விடறதுக்கு முன்னாடி ஒரு குறை வை. ஒரு விரல் கூட்டு, இல்ல குறை. அப்ப அது வேற ஆளாயிடும். ஆள அப்படியே அனுப்பாத."

இவ்வளவு நல்ல தீனி அவனுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டான். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் அம்மா ஒரு படி மேலே போய், கூடத்தையே கோணலாகக் கட்டிவிட்டு அதற்குத் தத்துவம் சொல்கிறார். ஒரு படத்தில் ஆறு விரல், இன்னொரு படத்தில் நாலு. சராசரி சரியாக இருக்கிறது, கணக்கில் பாஸ். என்னைப் பொறுத்தவரை ஒரு உருவத்தில் வேண்டுமென்றே குறை வைக்கும் நாள் வந்தால், அன்றைக்கு நான் தொழிலை விட்டுவிட்டுக் கசாப்புக் கடை வைப்பேன்.' அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மாள் இரண்டு சொல்லில் பதில் போட்டிருந்தாள். "சரி தம்பி."

செவ்வாய் மாலைவரை அவன் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மச்சம் மச்சம்தானே. வெயிலில் வரும். ஆஸ்பத்திரி மருந்தில் வரும். எழுநூறு பேர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவன் எழுதியிருந்தான்: "ரெண்டு மச்சம், செம ஐடியா."

புதன்கிழமை காலை அக்கா வந்ததும் சட்டைக்கையை மடித்துக் காட்டினாள்.

"இங்க பாரு கூத்த. மருந்து அலமாரியில வலது முழங்கைய இடிச்சுக்கிட்டேன். இடது கையும் கன்னிப்போயிருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல இடிக்கணும்னா நான் பறந்திருக்கணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கண் சுருங்கவில்லை என்பதை அவன் பார்த்தான். பார்க்காததுபோலத் தண்ணீர் குடித்தான்.

அந்த வீட்டின் பகல் ஒரு தனி மாதிரியானது. அவள் தூங்க வேண்டும் என்பதால் எல்லா ஜன்னலுக்கும் திரை. அவனுடைய கணினித் திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்பதால் அதற்கு மேல் இன்னொரு திரை. ஆக வெளியே ஊரே வெயிலில் பொரிந்துகொண்டிருக்க, உள்ளே தேநீர் நிறத்தில் ஒரு மங்கல் எந்நேரமும் தேங்கி நின்றது. கணினியின் விசிறி அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும், சூடேறிய தூசியின் வாசனையோடு அவள் உடையிலிருந்து வரும் ஆஸ்பத்திரி மருந்து நெடி கலந்து நடுக்கூடத்தில் நிற்கும், கீழ்வீட்டுத் தையல் இயந்திரம் ஓடும், நிற்கும், ஓடும். அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அக்காவின் குறட்டை ஒரு மெல்லிய ரம்பம்போல அறுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குறட்டையை வைத்துத்தான் அவன் நேரம் சொல்வான். பத்துக்குத் தொடங்கும், நாலுக்கு முடியும்.

வியாழக்கிழமை பத்து ஆனது. பதினொன்று ஆனது. தையல் இயந்திரம் ஓடியது, நின்றது. ரம்பம் தொடங்கவில்லை.

கதவைத் தள்ளிப் பார்த்தான். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், முதுகு காட்டி.

"தூங்கலயா?"

"வரலடா. மூடினாலும் மூடின மாதிரி இல்ல. எல்லாம் தெரியுது." சொட்டு மருந்துக் குப்பியைத் தேடிக் கை துழாவியது. "மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியுது. இன்னைக்கு நைட் குழந்தைங்க வார்டு வேற."

குழந்தைகள் வார்டில் அவளுக்குத் தனி மரியாதை. நூல் மாதிரி இருக்கும் நரம்பை வலது ஆள்காட்டி விரலால் தடவி, ஒரே குத்தில் ஊசியேற்றுவாள். பெரிய டாக்டர்களுக்குக் கிடைக்காத நரம்பு அவளுக்குக் கிடைக்கும். மற்ற மாடிகளிலிருந்தும் 'அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க' என்று ஆள் வரும். அந்தக் கையில்தான் அவனும் வளர்ந்தான். அந்தக் கை வாங்கிக்கொடுத்த கணினி அது.

"இங்க திரும்பு, பாக்கறேன்" என்றான்.

திரும்பினாள்.

இமை இருந்தது. ஆனால் மேலே, புருவத்துக்கு அடியில், சுருட்டி வைத்த பாய்போல ஒதுங்கியிருந்தது. அவன் கட்டை விரலால் மெதுவாக இறக்கிவிட்டான். விரலை எடுத்ததும் அது ஓசையில்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டது.

"என்னடா?"

"ஒன்னுமில்ல. லேசா வீங்கியிருக்கு."

அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மன்றத்தைத் திறந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் எடுத்திருந்தார்கள். எடுத்தவர்கள் மாற்றிப் போட்ட படங்கள் கீழே வரிசையாக இருந்தன. ஒருவன் முடிக்கு நரை ஏற்றியிருந்தான். ஒருவன் உருவத்தைச் சுழலும் தட்டில் வைத்துச் சுற்றவிடப் போவதாகச் சொல்லியிருந்தான். மன்றத்தில் எல்லோரும் முடித்த வேலையை அப்படித்தான் நாலு பக்கமும் காட்டுவார்கள். இன்னொருவன் வாயின் இரு ஓரத்தையும் மேலே இழுத்துப் புன்னகை வைத்துவிட்டு எழுதியிருந்தான்: "இப்பதான் கலையா இருக்கு. கண்ணு வேற நம்மையே பாக்குது தலைவா!"

வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலையிலிருந்து வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். காதோரம் நாலு விரல் அகலத்துக்கு நரை.

"என்ன சிரிச்சுக்கிட்டே வர?" என்றான்.

"சிரிக்கலடா." பல் தெரிய, சொல் மட்டும் பல்லிடுக்கில் வந்தது. "தாடை பிடிச்சுக்கிச்சு. விட மாட்டேங்குது."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

இமை இல்லை.

ஒதுங்கியும் இல்லை, வீங்கியும் இல்லை. புருவம், அதற்குக் கீழே எலும்பின் விளிம்பு, அதற்குக் கீழே முழு உருண்டை. ஈரப் பளபளப்போடு. அவன் ஏற்றிய அதே பளபளப்பு.

அவன் ஓடிப்போய்ப் பதிவை நீக்கினான். மன்றம் மரியாதையாகப் பதில் சொன்னது: 'உங்கள் படைப்பு நீக்கப்பட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்ட 4,312 பேரிடம் உள்ள படிகள் பாதிக்கப்படாது. பகிர்ந்தமைக்கு நன்றி!' ஆச்சரியக்குறியோடு.

தன் கோப்பைத் திறந்தான். இமை செய்தான். ஒரு மணி நேர வேலை என்று சோம்பல்பட்டது இருபது நிமிடத்தில் முடிந்தது. மேலிமை, கீழிமை, மயிர்க்கோடு. மூடினான். சேமித்தான்.

பக்கத்து அறையிலிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. அப்புறம் ரம்பம். மெல்ல, அறுத்து, அறுத்து. அவன் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதான். வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அந்தக் குறட்டைதான்.

பதினோரு நிமிடம். பாதி மூச்சில் நின்றது.

கட்டில் கிரீச்சிட்டது.

அவனிடமிருந்த ஒரு கோப்பில் இமை இருந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் இல்லை.

எடுத்துக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் எழுதினான். தயவுசெய்து அழித்துவிடுங்கள், என் அக்கா, உண்மையான ஆள். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. "ஆறுவிரல் அம்மாவ கலாய்ச்சு முடிச்சாச்சு, இப்ப நம்மளயா?" "அடுத்த கட்டுரைக்கு மேட்டர் தேடறான், சிக்காதீங்க." நாலு வருடமாக அவனே முகத்தில் சிரிப்பு வராமல் பொய் சொல்லிப் பழக்கிய கூட்டம். அவன் அழுதாலும் அது நல்ல ஜோக்தான்.

இரவெல்லாம் அக்கா கூடத்தில் நடந்தாள். வேலைக்குப் போக முடியவில்லை. ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவியபடி நடந்தாள். கேட்டால் ஒரே பதில். "பரவால்லடா. நீ தூங்கு."

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நடை நின்றது.

அவன் முதலில் அதை நல்ல செய்தி என்றே நினைத்தான். ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணினி விசிறி. தையல் இயந்திரம். அதுவும் நின்றது. பிறகு கூடத்திலிருந்து அக்காவின் குரல், தாழ்ந்து, அவசரமில்லாமல், ஆஸ்பத்திரியில் நோயாளி பயந்துவிடக்கூடாது என்று பேசுகிற குரலில் வந்தது.

"டேய்... இங்க வாயேன். கைய இறக்க முடியல."

கூடத்தின் நடுவில் நின்றாள். இரண்டு கையும் தோளுக்கு நேராக நீண்டிருந்தன. உள்ளங்கை கீழ்நோக்கி. விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து. ஈரத்துணி காலடியில் விழுந்து கிடந்தது.

அவன் வலது கையைப் பிடித்து இறக்கப் பார்த்தான். தொங்கிப் பார்த்தான். அவன் முழு எடையையும் அந்தக் கை தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"வலிக்குதா?"

"உள்ள ஏதோ..." அவள் பற்களுக்கிடையே மூச்சு வந்துபோனது. "உள்ள யாரோ கம்பி சொருகற மாதிரி இருக்குடா. முதுகுல. ஒவ்வொன்னா."

அவனுக்குத் தெரியும். எலும்பு போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பற்கள் தெரிந்தபடியே இருந்தன.

அவன் செல்போனை எடுத்தான். ஆறுவிரல் அம்மாவின் பெயரைத் தேடி, முதல்முறையாக ஆறு விரலை விட்டுவிட்டு எழுதினான்.

"அம்மா. நீங்க சொன்னது சரி. என் அக்கா. என்ன பண்ணணும்?"

உடனே பதில் வந்தது. ஒரு வாரமாகக் காத்திருந்தவள்போல.

"கை நீட்டிட்டாளா?"

"ஆமா."

"சுத்துறாளா?"

"இல்ல."

"அப்ப நேரம் இருக்கு. ஒரு குறை வை."

"கோப்புல மாத்திப் பாத்துட்டேன்மா. பிரயோஜனம் இல்ல. எல்லாம் வெளிய போயாச்சு. நாலாயிரம் பேர்கிட்ட இருக்கு."

அடுத்த பதில் வந்தது.

"அதுங்கள நீ மாத்த முடியாது தம்பி. அதுங்க எல்லாம் அவள மாதிரியே இருக்கு. அவ அதுங்கள மாதிரி இல்லாம இருக்கணும். அவ்வளவுதான். உன்கிட்ட மாத்த முடிஞ்சது ஒன்னே ஒன்னு மிச்சம் இருக்கு."

அவன் படித்தான். திரும்பவும் படித்தான்.

"சின்ன விரல் போதும். சீக்கிரம். நான் யோசிச்சுக்கிட்டே உக்காந்துட்டேன். என் பையன் நாலு நாள் சுத்திக்கிட்டே இருந்தான்."

அந்த வரிக்குப் பக்கத்தில் அவளுடைய சின்னப் படம். குழந்தையின் கை. நாலு விரல். நகத்தில் அழுக்கு, மணிக்கட்டில் கொசு கடித்த தடிப்பு. பார்த்துப் பார்த்துச் சிரித்த அந்தப் படத்தை அவன் இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தான். அது யாரும் செய்தது அல்ல. எடுத்தது. புகைப்படம்.

நிமிர்ந்தான்.

அக்கா ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள். கொஞ்சம் முன்பு அவனைப் பார்த்து நின்றவள்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. பாதம் இரண்டும் சேர்ந்து தரையில் பதிந்திருந்தன. ஆனால் நீட்டிய கை சுவரைக் கடந்து மெதுவாக நகர்ந்தது. கடிகாரமுள்போல. ஒரே வேகம். பின்தலை. தோள். பிறகு பக்கவாட்டு முகம், மச்சம், பற்கள். பிறகு முழு முகம். தலை அவனைக் கடந்து போயிற்று. கண் போகவில்லை. இரண்டு உருண்டைகளும் ஓரத்துக்கு உருண்டு, உருண்டு, எலும்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அவனையே பார்த்தன.

அவன் அவளுடைய வேலைப் பையைத் திறந்தான். கட்டு வெட்டும் கத்தரி. பஞ்சு. ஸ்பிரிட் குப்பி. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பஞ்சை முதலில் நனைத்தான். கத்தரியைத் துடைத்தான். இரண்டு பக்கமும்.

வலது கை கூடாது. நரம்பு தேடும் கை அது. அதை யோசிக்கிற அளவுக்கு அவனுக்கு நிதானம் இருந்தது. அதை நினைத்து ஒரு கணம் பெருமைகூடப் பட்டான். இடது கை. சுண்டு விரல். கடைசிக் கணுவுக்குக் கீழே.

அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் போய் நின்றான்.

பின்தலை. தோள். வலது கை அவன் மார்பை உரசாமல் கடந்தது. ஐந்து விரல். எண்ணினான். முகம். மச்சம், மச்சம். கண்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றான். "ஒரு சின்னக் குறை. அவ்வளவுதான்."

இடது கை வந்தது. சுண்டு விரலைப் பிடித்தான். சூடாக, மெல்லியதாக, ஊசிமருந்து வாசனையோடு இருந்தது. கத்தரியின் வாயை விரித்து அதன் அடியில் வைத்தான். இன்னும் அழுத்தவில்லை. தோலில் உலோகம் பட்டது, அவ்வளவே. ஒரு துளி முளைத்தது.

ஏதோ சொட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

திரும்பினான். அவள் உடலுக்கு அந்தப் பக்கம், யாரும் தொடாமல், காற்றில் தனியாக நீண்டிருந்த அவளுடைய வலது கை. விரிந்த ஐந்து விரல். சுண்டு விரலின் அடியில், கடைசிக் கணுவுக்குக் கீழே, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, மோதிரம் போட்டதுபோல, வட்டமாகத் திறந்துகொண்டிருந்தது.